கடவுள் இல்லையென்றால் அறம் டச்சா, ரேட்டா?

பட்டறைக்காரன் | ஞாயிறு, காலை 7:40

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து கூலி வேலைதான். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். நாங்கள் உருக்கி, கம்பி இழுத்து, பற்று என்கிற ஒட்டு உலோகம் வைத்து, மெருகு போட்டுக் கொலுசாகத் திருப்பித் தருவோம். சேதாரம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்பதெல்லாம் முன்பே பேசிக்கொள்வது.

போன மாதம் ஒரு லாட் எடுத்து வந்து பட்டறைத் தராசில் வைத்தால், சீட்டில் இருப்பதைவிட 42 கிராம் கூட. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அதே 42. அன்றைக்குக் கடையில் முகூர்த்தக் கூட்டம், எழுதின பையன் எண்ணை மாற்றி எழுதிவிட்டான். அவர்களுக்குத் தெரியவே போவதில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாவது படிக்கும் அக்கா பையன் லீவுக்குப் பட்டறையில் இருந்தான். "ஏன் மாமா குடுத்தீங்க?" என்று கேட்டான். இதையே நான் என் அப்பாவிடம் கேட்டிருந்தால், "முனியப்பன் பார்த்துக்கிட்டு இருக்கான்டா" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். தலைவெட்டி முனியப்பன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிப் பழகியவர் அவர். எனக்குச் சாமி நம்பிக்கை போய் இருபது வருஷம் ஆகிறது. "அது தப்புடா" என்றேன். "யாருக்குமே தெரியாதுன்னா எப்படித் தப்பு?" என்றான். வாயடைத்துவிட்டது.

அன்றிலிருந்து மண்டையில் ஓடுவது இதுதான். வெள்ளியில் இரண்டு எண் இருக்கிறது. ஒன்று டச், அதாவது அதில் சுத்த வெள்ளி எவ்வளவு என்பது. 80 டச் என்றால் 80தான், நான் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும். இன்னொன்று ரேட். அது மனிதர்கள் வைப்பது, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கடவுள் இல்லை என்று வைத்துக்கொண்டால் "அடுத்தவன் பொருளை எடுக்காதே" என்பது டச்சா, ரேட்டா?

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 7:58

நல்ல கேள்வி, பேசுங்கள். ஒன்று மட்டும்: சேலம், கடவுள் என்ற இரண்டு சொல்லும் ஒரே இழையில் வந்தால் பத்தாவது பதிலில் 1971இல் இங்கே நடந்த பெரியார் ஊர்வலத்துக்குப் போய்விடுகிறீர்கள். அதற்குத் தனி இழை இருக்கிறது. பூட்டியும் வைத்திருக்கிறேன்.

லீபஜார்_கணக்கு | ஞாயிறு, காலை 8:15

ரேட்தான், சந்தேகமே வேண்டாம். முப்பது வருஷமாக மண்டிக் கணக்கு எழுதுகிறேன், பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு காலத்தில் கோயிலுக்குள் ஒரு சாராரை விடாமல் இருப்பதுதான் தர்மம் என்றார்கள், 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்த பிறகு விடாமல் இருப்பது குற்றம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது புண்ணியமாக இருந்தது, அதே 1947இல் அதுவும் குற்றமாகிவிட்டது. ஊர் ஒத்துக்கொண்டால் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டால் தப்பு. நீங்கள் 42 கிராமைத் திருப்பிக் கொடுத்தது உங்களை வளர்த்த விதம். வேறு வீட்டில் பிறந்திருந்தால் இந்நேரம் அதை உருக்கியிருப்பீர்கள்.

கோட்டை_மாரியம்மா_துணை | ஞாயிறு, காலை 9:02

அண்ணா, நான் நம்புகிறவள். சண்டைக்கு வரவில்லை, ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். தமிழில் கடமைக்கும் கடன் என்றுதான் பெயர், வாங்கின பணத்துக்கும் கடன் என்றுதான் பெயர். கொடுத்தவர் ஒருவர் இருந்தால்தானே கடன்? கொடுத்தவரே இல்லை என்றால் யாருக்கு அடைப்பது? "செய்ய வேண்டும்" என்கிற அந்த "வேண்டும்" எங்கிருந்து வருகிறது?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஆன்ஸ்கோம்ப் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியை 1958இல் ஒரு கட்டுரையில் இதைத்தான் கேட்டார். சட்டம் போட்டவரை வெளியே அனுப்பிவிட்டு "தார்மீகக் கட்டாயம்" என்ற சொல்லை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். உங்கள் அப்பாவிடம் முழு வாக்கியம் இருந்தது. உங்களிடம் பாதிதான் இருக்கிறது. அதனால்தான் மருமகன் முன்னால் வாயடைத்தது.

நாலுரோடு_2ம்_சந்து | ஞாயிறு, காலை 9:30

இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், தத்துவம் பொழுதுபோக்கு. அக்கா கேட்டது கூர்மையான கேள்விதான். ஆனால் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய யூத்திஃப்ரோ உரையாடலில் சாக்ரடீஸ் கேட்பது: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? முதலாவது என்றால், முனியப்பன் நாளைக்கு "42 கிராமை வைத்துக்கொள்" என்று சொன்னால் அது சரியாகிவிடும். அப்போது அதுவும் ரேட்தான், போடுகிற கை மட்டும் பெரிசு. இரண்டாவது என்றால் நல்லது என்பது முனியப்பனுக்கும் முன்னால் இருக்கிறது. அவரும் நம்மைப் போலத் தராசைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

கோட்டை_மாரியம்மா_துணை | ஞாயிறு, காலை 9:41

மூன்றாவது வழி இருக்கிறது தம்பி. நல்லது என்பது சாமிக்கு வெளியே இருக்கும் தராசும் இல்லை, சாமி போடும் உத்தரவும் இல்லை. அவள் குணமே அதுதான். சுத்த வெள்ளி எந்தத் தராசைப் பார்த்து 100 டச் ஆகிறது? அது வெள்ளியாக இருப்பதே 100 டச்.

நாலுரோடு_2ம்_சந்து | ஞாயிறு, காலை 9:50

இது நல்ல அடி. யோசித்துவிட்டு வருகிறேன்.

அம்மாபேட்டை_டீச்சர் | ஞாயிறு, முற்பகல் 11:20

ஓய்வு பெற்ற தமிழாசிரியை. இட்லி மாவு அரைத்துவிட்டு வருவதற்குள் பாரிஸுக்கும் கிரேக்கத்துக்கும் போய்விடுவீர்கள் என்று தெரியும், கிரேக்கத்தோடு நின்றதில் சந்தோஷம்.

ஏற்காட்டு அடிவாரத்தில் நின்றுகொண்டு குளிர்காற்றுக்கு ஊட்டிக்குப் போவானேன்? வள்ளுவர் 222ஆம் குறளில் சொல்கிறார்: "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று." அவர் மேலுலகத்தை மறுக்கவில்லை. அது இல்லாமல் போனாலும் கொடுப்பது நல்லதுதான் என்கிறார். "எனினும்" என்ற அந்த ஒரு சொல்லில் இந்த இழை முழுக்க அடங்கிவிடும்.

புறநானூறு 134இல் முடமோசியார் ஆய் வள்ளலைப் பாடும்போது இன்னும் கறாராகப் பேசுகிறார். இங்கே செய்தால் மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனுக்கு அவர் வைத்த பெயர் "அறவிலை வணிகன்". அறத்தை விலைக்கு விற்கிறவன். ஆய் அப்படிப்பட்டவன் இல்லையாம், சான்றோர் போன வழி என்பதால் கொடுத்தானாம். பட்டறைக்காரருக்கு ரேட் என்ற சொல் பிடித்திருப்பதால் இந்தப் பாட்டை நினைத்தேன்.

அப்புறம், நாலுரோட்டுத் தம்பி கேட்ட கிரேக்கக் கேள்விக்கு இங்கேயே ஒரு பதில் உண்டு. 1062ஆம் குறள். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றி யான்" என்கிறார். உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சாபம் விடுகிறார். படைத்தவனைத் திட்ட ஒரு அளவுகோல் கையில் இல்லாமல் இப்படித் திட்ட முடியுமா?

கோட்டை_மாரியம்மா_துணை | ஞாயிறு, முற்பகல் 11:45

டீச்சர், சாமியைத் திட்டுவது நாங்களும்தான் செய்கிறோம். ஆடியில் மழை பெய்யாவிட்டால் எங்கள் வீட்டில் மாரியம்மாவுக்கு விழும் திட்டைக் கேட்டால் காது கூசும். அது உரிமை. அதில் அளவுகோல் எங்கே வந்தது?

அம்மாபேட்டை_டீச்சர் | ஞாயிறு, மதியம் 12:03

நீங்கள் கேட்ட "கடன்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொன்முடியார் பாட்டு, புறம் 312, பள்ளியில் எல்லோரும் படித்தது. பெற்று வளர்ப்பது தாய்க்குக் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன். பட்டறைக்காரர் வரைக்கும் பட்டியலில் இடம் இருக்கிறது. சாமிக்கு அடைக்கும் கடன் என்று அதில் ஒன்றும் இல்லை. ஒருவருக்கொருவர் பட்ட கடன்தான்.

லீபஜார்_கணக்கு | ஞாயிறு, மதியம் 12:10

டீச்சர், பாட்டை முழுசாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன கடன்? போரில் யானையை வெட்டிவிட்டு வருவது! வேல் வடித்ததே அதற்குத்தானே. இன்றைக்கு யானையை வெட்டினால் வனத்துறை உள்ளே வைத்துவிடும். அன்றைய ரேட் அது, இன்றைய ரேட் இது. என் கட்சிக்கு நீங்களே சாட்சி கொடுத்துவிட்டீர்கள், நன்றி.

சும்மா_வந்தேன் | ஞாயிறு, மதியம் 12:31

ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போகாமல் இங்கே என்ன பண்ணுகிறீர்கள் எல்லோரும்.

கொண்டைஊசி_20 | ஞாயிறு, பிற்பகல் 3:15

ஏற்காட்டிலிருந்து. இங்கே மத்தியானம் வரை நெட் இல்லை, இப்போதுதான் படித்து முடித்தேன்.

கணக்கு அய்யா சொல்வதில் எனக்கு ஒரு முட்டுக்கட்டை. ஊர் ஒத்துக்கொள்வதுதான் சரி என்றால், 1947க்கு முந்தின நாள் கோயில் கதவைத் திறக்கச் சொன்னவர் தப்பானவரா? அன்றைய ரேட்படி அவர் சொன்னது தப்புதானே. ரேட்டை மாற்றச் சொல்கிறவன் எதைக் காட்டி மாற்றச் சொல்கிறான்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன், பெயர் வேண்டாம். பழம் பறிக்கும் சீசனில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் ஆளாளுக்குச் சாக்கோடு வந்து வரிசையில் நிற்பார்கள், நான் எடை போட்டு நோட்டில் எழுதுவேன். சாக்குக்கு, ஈரத்துக்கு, இலைக்கு என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது வழக்கம். அது போதாதென்று தராசே கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது, நானும் எட்டு வருஷம் அப்படியே எழுதினேன். தப்பு என்று தோன்றினதே இல்லை. தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன்.

ஒருநாள் மலையாளி சனத்துப் பாட்டி (கேரளம் இல்லை, இந்த மலையின் பழங்குடி) ஒருத்தி மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள். ஓடையில் கிடக்குமே, வழுவழு என்று, அந்த மாதிரிக் கல். "முதல்ல இதைப் போடு சாமி" என்றாள். போட்டேன். ஒன்றே முக்கால் காட்டியது. "ரேஷன் கடையில ரெண்டு காட்டுச்சு, மளிகைக் கடையில ரெண்டு காட்டுச்சு, கீழ சந்தையிலயும் ரெண்டு காட்டுச்சு. உன்கிட்ட வந்ததும் எளச்சுப் போச்சா?" என்றாள். சத்தம் போடவில்லை. கல்லை எடுத்து மறுபடி மடியில் கட்டிக்கொண்டு தன் மூட்டையை நகர்த்தினாள். பின்னால் நின்ற வரிசை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சேர்வராயன் மேல் அந்தப் பாட்டிக்கு அவ்வளவு பக்தி. மே மாதத் திருவிழாவுக்கு மேலே ஏறாமல் இருக்கமாட்டாள். ஆனால் என்னிடம் சேர்வராயன் பார்க்கிறான் என்று சொல்லவில்லை. கல்லைத்தான் கொண்டுவந்தாள்.

நாலுரோடு_2ம்_சந்து | ஞாயிறு, பிற்பகல் 3:40

அந்தக் கல் என் தூக்கத்தைக் கெடுக்கும் போல. பட்டறைக்காரர் டச், ரேட் என்று இரண்டைத்தான் வைத்தார். பாட்டி மூன்றாவதாக எடைக்கல்லைக் கொண்டுவந்துவிட்டாள்.

கிலோ என்பதை யார் வைத்தார்கள்? மனிதர்கள்தான். 1889 முதல் பாரிஸ் பக்கத்தில் பெட்டகத்தில் வைத்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் உலகத்துக்கே கிலோ. 2019 மே 20 முதல் அதையும் ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் மாறாத ஒரு எண்ணை வைத்து வரையறுக்கிறார்கள். நம் ஊரில் அதற்கு முன் வீசை, சேர், தோலா. 1956 சட்டத்துக்குப் பிறகுதான் கிலோ வந்தது. அப்படியென்றால் அளவு நாம் செய்ததுதான், கணக்கு அய்யா ஜெயித்தார். ஆனால் வீசை போய்க் கிலோ வந்தபோது பாட்டியின் கல் பாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவை நாம் வைக்கிறோம், பாரத்தை நாம் வைக்கவில்லை. மூட்டையைச் சுமந்து வந்த முதுகுக்குத் தெரியும் அது.

(டீச்சர், பாரிஸுக்கும் போய்விட்டேன், மன்னிக்கவும்.)

லீபஜார்_கணக்கு | ஞாயிறு, மாலை 4:05

அழகாக இருக்கிறது தம்பி, ஆனால் ஓட்டை இருக்கிறது. கல்லுக்குப் பாரம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பாட்டிக்கு வலித்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். "வலிக்கிறது" என்பது நடப்பு. "வலிக்கச் செய்யாதே" என்பது கட்டளை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எந்தப் பாலத்தில் போனீர்கள்? இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வேண்டும் என்பதைக் கட்ட முடியாது என்று ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி 1740லேயே எழுதிவிட்டார். பி.காம் படித்தவனுக்கும் இதெல்லாம் தெரியும்.

ரேஷன் கடைத் தராசை நம்பிய முதல் மனுஷி அந்தப் பாட்டிதான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கொண்டைஊசி_20 | ஞாயிறு, மாலை 4:20

அதற்குத்தானே மூன்று இடத்தில் போட்டிருக்கிறாள்.

மணியடிக்கும்_மலை | ஞாயிறு, மாலை 5:10

கிறிஸ்தவன், ஏற்காட்டில் படித்தவன். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரி. பவுல் ரோமருக்கு எழுதின நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், திருச்சட்டம் இல்லாத புறஜாதியாரின் இதயத்திலும் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, மனசாட்சி அதற்குச் சாட்சி என்கிறார். பட்டறைக்காரர் நம்பாமலே திருப்பிக் கொடுத்தது எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. எழுதினது யார் என்பதில்தான் உங்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம்.

நாலுரோடு_2ம்_சந்து | ஞாயிறு, மாலை 5:25

பரிணாமம் எழுதியது என்பார்கள். 2003இல் ஒரு சோதனை. கப்புச்சின் குரங்குகள் இரண்டு, ஒரே வேலை. ஒன்றுக்கு வெள்ளரித் துண்டு, பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை. வெள்ளரி கிடைத்த குரங்குகள் பல தடவை அதை வாங்க மறுத்தன. நியாய உணர்ச்சிக்கு விதை அங்கேயே இருக்கிறது.

கொண்டைஊசி_20 | ஞாயிறு, மாலை 5:31

எங்கள் மலைப்பாதைக் குரங்குகளை வைத்துச் சோதனை செய்திருந்தால் வெள்ளரி, திராட்சை, ஆராய்ச்சியாளர் கண்ணாடி மூன்றும் போயிருக்கும்.

சூரமங்கலம்_பாசஞ்சர் | ஞாயிறு, இரவு 8:00

யாரும் சொல்லாத ஒன்று. ராஜாஜி பக்தர், பெரியார் நாத்திகர். ஒருவர் சேலம் நகராட்சித் தலைவர், மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவர், அப்போதிருந்தே நண்பர்கள். பெரியார் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பில் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். கடவுள் விஷயத்தில் எதிரும் புதிருமானவர்கள் இதில் ஒரே பக்கம் நின்றார்கள்.

லீபஜார்_கணக்கு | ஞாயிறு, இரவு 8:07

பெரியார் பின்னாளில் மதுவிலக்கையே எதிர்த்தார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேட் மாறியது.

சூரமங்கலம்_பாசஞ்சர் | ஞாயிறு, இரவு 8:12

மாறினது வழி. குடியால் குடும்பம் கெடக்கூடாது என்பது மாறியதா? சரி, விடுங்கள். இன்னொன்று. பட்டறைக்காரரே, உங்கள் அப்பா சத்தியம் பண்ணின தலைவெட்டி முனியப்பன் யார் என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? தொல்லியல் துறை ஆராய்ந்து பார்த்து, அது தாமரை மேல் அமர்ந்த புத்தர் சிலை என்று அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதை ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பில் எடுக்கச் சொன்னது. படைத்த கடவுள் என்று ஒருவரைச் சொல்லாத ஆளின் முன்னால்தான் உங்கள் அப்பா இத்தனை வருஷமாகச் சூடம் அணைத்திருக்கிறார்.

கோட்டை_மாரியம்மா_துணை | ஞாயிறு, இரவு 8:20

இதைக் கிண்டலாகச் சொன்னால் மனசு கஷ்டப்படுகிறது. அங்கே ஆடு வெட்டிப் பொங்கல் வைத்தவர்கள் யாரும் சிலையின் முகவரி பார்த்து வைக்கவில்லை. அண்ணாவின் அப்பா பயந்தது கல்லுக்கு இல்லை.

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 9:30

கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை தங்கச்சி. தீர்ப்பு வந்தபோது அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் "புத்தரா இருந்தா என்ன, பார்க்காமலா இருப்பார்" என்றுதான் சொல்லியிருப்பார். அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

கணக்கு அய்யா சொன்ன "வளர்த்த விதம்" உண்மைதான். ஆனால் அது எப்படி எனக்குள் வந்தது என்பதற்குத்தான் பதில். அது சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பெருக்கல் வாய்ப்பாட்டையும் அடித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அதற்காக ஏழெட்டு ஐம்பத்தாறு வெறும் பழக்கமாகிவிடுமா?

எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நேர்மையாக இருந்தால் பேர் கிடைக்கும், வியாபாரம் வளரும், அதனால்தான் மனுஷன் நேர்மைக்குப் பழகினான் என்று யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். குரங்குக் கதை அந்தப் பக்கம்தான் போகிறது. 42 கிராமைக் கொண்டுபோய் வைத்தபோது வியாபாரி என்ன சொன்னார் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த லாட்டிலிருந்து என் சரக்கை மட்டும் இரண்டு தடவை எடை போடச் சொல்லியிருக்கிறார். போதாதென்று நாலு ஜோடியை எடுத்து டச் பார்க்க வேறு அனுப்பினார். இவன் எதற்கு வலிய வந்து கொடுக்கிறான், வேறு எங்கோ எடுத்திருக்கிறான் என்ற கணக்கு. பேர் கெட்டதுதான் மிச்சம்.

பற்றில் கொஞ்சம் கூட்டி வைத்தால் எடை நிற்கும், டச் இறங்கும். எப்படிச் செய்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும். செய்திருந்தால் அவர் சந்தேகத்துக்காவது அர்த்தம் இருந்திருக்கும். அன்றைக்குப் பட்டறைக்குத் திரும்பி வரும்போது வயிறு எரிந்தது. அப்போதும் கொடுத்தது தப்பு என்று தோன்றவில்லை. லாபமும் இல்லை, பேரும் இல்லை, பார்க்கிற சாமியும் இல்லை. அப்புறம் என்னதான் மிச்சம் இருந்தது? அந்த வெள்ளி அவருடையது, அவ்வளவுதான். அவர் நல்லவர் என்பதால் இல்லை. கடுகடு ஆள்தான்.

லீபஜார்_கணக்கு | ஞாயிறு, இரவு 9:48

"அவருடையது" என்பதே நாம் பேசி வைத்ததுதானே என்று எழுத வந்தேன். எழுதி அழித்துவிட்டேன். நாளைக்கு எழுதுகிறேன்.

கோட்டை_மாரியம்மா_துணை | ஞாயிறு, இரவு 9:55

நீங்கள் இப்போது சொன்னதைத்தான் அண்ணா நாங்கள் சாமி என்கிறோம்.

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 10:10

பேர் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை தங்கச்சி. ஆனால் நான் கும்பிடமாட்டேன், பரவாயில்லையா?

கோட்டை_மாரியம்மா_துணை | ஞாயிறு, இரவு 10:14

உங்களுக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கொள்கிறேன். ஆடிக்குக் கூழ் குடிக்க மட்டும் வாருங்கள்.

பட்டறைக்காரன் | திங்கள், காலை 8:05

மருமகனுக்குப் பாட்டி கதையைப் படித்துக் காட்டினேன். பட்டறை வாசலில் கிடந்த கல் ஒன்றைக் கழுவி, நம் தராசில் போட்டு, அதன் மேலேயே மார்க்கரால் 613 என்று எழுதி வைத்திருக்கிறான். சனிக்கிழமை லாட் எடுக்கப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு வருவானாம்.

அம்மாபேட்டை_டீச்சர் | திங்கள், காலை 8:20

வியாபாரி மூஞ்சியை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

லீபஜார்_கணக்கு | திங்கள், காலை 8:26

ஈரம் காய்ந்த பிறகு இன்னொரு தடவை எடை போடச் சொல்லுங்கள். கழுவின கல் என்கிறீர்கள்.